அந்தக் கொட்டேஷனை நான் தரப்போவதில்லை: எங்கள் கோயில் பரிபாலன சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபைப் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் சபையிலிருந்து என் கடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. முருகன் கதை ஓவியங்கள் பதினான்கு இருக்கிற மேற்குப் பிராகாரச் சுவருக்குப் பதினான்கு வினைல், ஒவ்வொன்றும் எட்டடிக்கு ஐந்தடி, இரும்புச் சட்டத்தோடு. கீழே மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ். பழைய காரையைச் சுரண்டி அள்ள ஆள்கூலி தனி. விலை போட்டுத் தர வேண்டும். (ஊரில் ஃபிளெக்ஸ் என்பதைத்தான் இங்கே பர்மாவில் நாம் வினைல் என்கிறோம். இந்தக் கோயிலை விட்டுக் காரைக்குடிக்கும் வியாசர்பாடிக்கும் போனவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இந்த விளக்கம்.)

விலை போடுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் சீட்டு இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடக்கிறது. நேரில் இரண்டு தடவை வந்து பேசிப் பார்த்தேன். "கமிட்டியில் முடிவாயிருச்சு தம்பி, நீ ரேட்டை மட்டும் சொல்லு" என்றீர்கள். எனக்கு வயது அறுபத்திரண்டு. தம்பி என்று கூப்பிட இன்னும் ஆள் இருப்பது சந்தோஷம்தான். ரேட்டைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதனால் எல்லாரும் பார்க்கும்படி இந்த மடல்.

நான் வினைலைத் திட்ட வந்தவன் இல்லை. வினைலால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. பதினேழு வயதில் தூரிகை பிடித்து, கடைப் பலகை, லாரிப் பின்கதவு, ரங்கூன் சினிமாக் கொட்டகைக்கு பேனர் என்று இருபது வருஷத்துக்கு மேல் எனாமல் வாசனையிலேயே ஓடியது. அப்புறம் மெஷின் வந்தது. தூரிகையைக் கழுவி டப்பாவில் போட்டுவிட்டு நானும் ஒரு மெஷின் வாங்கினேன். திருவிழா நோட்டீஸ், அன்னதானப் பட்டியல், கண்ணீர் அஞ்சலி எல்லாம் வினைலில் அடிப்பதுதான் சரி. பத்து நாள் தொங்க வேண்டும், பிறகு யாரோ அதை வீட்டுக் கூரைமேல் போட்டு மழைக்கு மறைப்பார்கள். அதன் ஆயுசு அவ்வளவு. நம் மேற்குச் சுவரில் சாயங்கால வெயில் நேரே விழுகிறது. மூன்றாம் வருஷம் ஓரம் சுருண்டு, சிவப்பு வெளுத்து, முருகன் முகம் நீலம் பாரித்து நிற்கும். இதை விற்கிறவனே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆயுசு எனக்கு இரண்டாவது கவலைதான். வினைலில் என்ன படம் போடுவது என்று உங்கள் ஆள் காட்டினாரே, அதுதான் என்னை உறுத்துகிறது. போனில் பதினான்கு படங்கள் காட்டினார். பழனி முருகன், வள்ளி தெய்வானையோடு முருகன், மயில்மேல் முருகன், ஆறுமுகம், பால முருகன். எல்லாம் அழகான படங்கள். எல்லாவற்றிலும் முருகன் நேரே நம்மைப் பார்க்கிறான். நாம் கும்பிட வேண்டியது, அவன் கை தூக்க வேண்டியது. பூஜை அறைக்கு அதுதான் வேண்டும். 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் வைத்ததிலிருந்து சிவகாசி காலண்டர் வரைக்கும் சாமியை இப்படி வீட்டுக்குள் கொண்டு வந்தவர்களுக்குப் பெரிய கும்பிடு. என் கடையிலும் ஒன்று தொங்குகிறது.

இப்போது மேற்குச் சுவருக்கு வாருங்கள். அங்கே ஒரு முகமாவது உங்களைப் பார்க்கிறதா? போய்ப் பாருங்கள். வள்ளி கிழவனைப் பார்க்கிறாள். கிழவன் தேனைப் பார்க்கிறான். யானை வள்ளியைப் பார்க்கிறது. புதருக்குப் பின்னால் ஒரு வேடன் யானையைப் பார்க்கிறான். படத்துக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அங்கே வேலை எட்டிப் பார்ப்பது மட்டும்தான். எட்டிப் பார்த்தால் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அது கதைப் படம். ஓவியக்காரனாக நான் கற்றுக்கொண்ட ஒரே சூத்திரம் அதுதான், அதையும் அந்தச் சுவரிடம்தான் கற்றேன்.

அந்தச் சுவரை வரைந்தவர் பர்மியர். ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரனும் போய், ஐம்பதுகளில் கோயில் கூரையைப் புதுப்பித்தபோது அழைத்து வந்தார்கள். எல்லாரும் சயா (ஆசான்) என்றே கூப்பிட்டதால் பெயர் யாருக்கும் தங்கவில்லை. பயாக்களின் (புத்தர் கோயில்களின்) படிக்கட்டுக் கூடத்தில் உத்தரத்துக்குக் கீழே வரிசையாக மாட்டியிருக்கும் புத்தர் கதைப் பலகைகளை வரைவது அவர் தொழில். முருகன் யாரென்று அவருக்குத் தெரியாது. என் தாத்தா தினம் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரைகுறை பர்மியத்தில் கந்தன் கதையைச் சொல்வாராம், மறுநாள் அவர் அதை வரைவாராம். கதை அவர் காதில் விழுந்த விதமே கையிலும் வந்திருக்கிறது. தினைப்புனம் என்றால் அவருக்கு என்ன தெரியும்? நெல் வயலைப் போட்டுவிட்டார். பரணில் வள்ளி உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனக்கா, பர்மியப் பெண்கள் பூசும் மரப்பட்டைப் பூச்சு. பரண் காலில் ஓலைத் தொப்பி ஒன்று மாட்டியிருக்கிறது, நம் வயல்காட்டில் இன்றைக்கும் போடுகிறார்களே அதே தொப்பி. கிழவேடம் போட்டு வரும் முருகன் கையில் பசீன் ஊர்க் குடை, பூ வரைந்தது. வள்ளியைப் பயமுறுத்த வருகிற பிள்ளையாரின் கழுத்தில் மரமணி, காலில் சங்கிலி. தேக்குக் காட்டில் கட்டை இழுக்கிற யானையேதான். சின்னப் பையனாக நான் அந்தச் சங்கிலியைப் பார்த்து, பிள்ளையாரை யாரோ கம்பெனிக்காரன் பிடித்து வைத்திருக்கிறான் என்றே நினைத்திருந்தேன்.

சூரபதுமன் படையில் ஏழெட்டு அசுரர்கள் தலையில், பின்கழுத்தை மறைக்கும் துணி தொங்குகிற தொப்பி. போர்க்காலத்தில் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு அது யார் தொப்பி என்று சொல்ல வேண்டியதில்லை.

சபையில் இந்தத் தொப்பி ஒரு குறையாகப் பேசப்பட்டது என்று கேள்விப்பட்டேன். தினைக்குப் பதில் நெல், வள்ளிக்குத் தனக்கா, இதெல்லாம் ஆகமத்தில் இல்லை என்றும் ஒருவர் சொன்னாராம். வாஸ்தவம், இல்லைதான். ஆனால் கதையைச் சுவரில் எழுதியவன் எவனும் தான் பார்த்த உலகத்தைத்தான் எழுதியிருக்கிறான். 1767இல் சயாமின் தலைநகரான அயுத்தியாவை வென்ற பர்மியப் படை அங்கிருந்த கூத்துக் கலைஞர்களையும் இங்கே கொண்டு வந்தது. அவர்கள் ஆடிய ராமன் கதை இந்த ஊர்க் கூத்தாகி, ராமன் பர்மிய அரச உடையில் மேடையேறினான். 19ஆம் நூற்றாண்டில், மொனிவா பக்கம் புதலின் வட்டாரத்தில் தக்குத்தனை என்ற கிராமத்துப் பயாவைச் சுற்றி முந்நூற்றுக்கும் மேற்பட்ட கல் பலகைகளில் அதே ராமாயணத்தைச் செதுக்கி வைத்தார்கள். ராமனைக் கொடுத்த நாம் அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. வள்ளிக்கு ஒருத்தர் தனக்கா பூசிவிட்டால் மட்டும் என்ன?

நம் பக்கத்துச் சங்கதியும் இதுதான். படத்தைக் காட்டிக் கதை சொல்வது நமக்குப் புதிது இல்லை. பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டு திருப்பரங்குன்றத்தைப் பற்றியது. மதுரை ஜனங்கள் மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு, அங்கே படம் எழுதிய மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். "இது ரதியா? இவன் காமனா?" என்று ஒருத்தர் கேட்க இன்னொருத்தர் பதில் சொல்கிறார். அந்தப் பக்கம் ஒருவர் விளக்கிக்கொண்டிருக்கிறார்: இவன் இந்திரன், இது பூனை, இவள் அகலிகை, இவர் வெளியே போயிருந்த கௌதமர், அவர் கோபத்தில் இவள் கல்லானது இப்படித்தான் என்று. புலவர் ஒரே வரியில் முடிக்கிறார்: "துன்னுநர் சுட்டவும் சுட்டறி வுறுத்தவும்." பக்கத்தில் வருகிறவர்கள் விரலால் சுட்டுவார்கள், தெரிந்தவர்கள் சுட்டி விளக்குவார்கள்.

எனக்கு இந்தப் பாட்டைக் காட்டியது ஒரு தமிழாசிரியர், இருபது வருஷத்துக்கு முன். படித்ததும் மேற்குச் சுவரும் தாத்தாவும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்த மண்டபத்து ஓவியம் இன்று இல்லை. எழுதியவன் பெயர் இல்லை. ஆனால் படத்துக்கு முன்னால் நின்று ஒருத்தன் கேட்டதும் இன்னொருத்தன் சொன்னதும் இவ்வளவு காலம் கழித்தும் காதில் விழுகிறது. தாத்தா எங்களை வெள்ளிக்கிழமை தோறும் பிராகாரம் சுற்ற வைப்பார். பதினான்கு படமும் வலம் வருகிற திசையில் வரிசையாக இருக்கின்றன. நெற்றிக்கண் தீப்பொறியில் தொடங்கி, சரவணப் பொய்கை, கார்த்திகைப் பெண்கள், பிரம்மாவைச் சிறையில் போட்டது என்று கதை நம் காலோடு நடக்கும். நாங்கள் ஓடினால் கதையும் ஓடும். "ஓடாதே, சூரன் இன்னும் சாகலை" என்று பின்னாலிருந்து சத்தம் வரும்.

தஞ்சாவூரை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். 1010இல் ராஜராஜன் குடமுழுக்கு நடத்திய பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றியிருக்கும் இருட்டு நடையில் சோழர் காலத்து ஓவியங்கள் இருந்தன. சுந்தரர் கதை அங்கே ஒரே சுவரில் விரிகிறது. கல்யாண வீட்டில் சமையல் நடக்கிறது, கிழவர் ஓலையோடு வந்து நிற்கிறார், சபையில் வழக்கு நடக்கிறது, மேலே சுந்தரர் வெள்ளை யானையில் கைலாசம் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் பின்தொடர்கிறார். ஒரே சுந்தரர் ஒரே சுவரில் எத்தனை தடவை வருகிறார் பாருங்கள்! நடுவில் கட்டம் கிடையாது, கோடு கிடையாது. கண் போகிற வழியே காலம் போகிறது. சினிமா வந்து கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே அந்த ஓவியனுக்கு அது தெரிந்திருக்கிறது.

பிறகு நாயக்கர் காலத்தில், புதுப்பிக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில்தான், அதன்மேல் புதுக் காரை பூசி வேறு படம் எழுதினார்கள். சோழர் ஓவியம் முந்நூறு வருஷம் போல மூச்சு விடாமல் உள்ளே கிடந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி விளக்கோடு உள்ளே போனபோது, மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு நிறம் தெரிந்தது. அப்படித்தான் அது வெளியே வந்தது. அதற்குப் பிறகு தொல்லியல் துறை, மேலே இருந்த நாயக்கர் படத்தையும் அழிக்காமல் பெயர்த்துத் தனிப் பலகைக்கு மாற்றியது. நாயக்கர்கள் பழையதை மூடினார்களே தவிரச் சுரண்டவில்லை. அந்த ஒரு காரணத்தால்தான் சுந்தரர் பிழைத்தார். உங்கள் சீட்டில் "சுரண்டி அள்ள" என்று எழுதியிருக்கிறது.

எழுத்துப் பிழை பற்றியும் சொல்ல வேண்டும், அதுதான் சபையில் பெரிய வாதமாக இருந்ததாம். பன்னிரண்டாவது படத்துக்குக் கீழே "வள்ளித் திருமனம்" என்று இருக்கிறது, உண்மை. சயாவுக்குத் தமிழ் தெரியாது. தாத்தா காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை அவர் பார்த்து வரைந்தார், எழுதவில்லை, வரைந்தார். ணகரத்தில் ஒரு சுழி குறைந்துவிட்டது. எழுத்தை உற்றுப் பார்த்தால் தெரியும், பர்மிய எழுத்துக்குப் பழகிய கை. தமிழ் வரிக்குக் கீழே அதையே பர்மியத்திலும் எழுதியிருக்கிறார், அதில் பிழை இல்லை. அந்தப் பர்மிய வரிதான் இன்றைக்குச் சோறு போடுகிறது. அறுபதுகளில் பள்ளிக்கூடங்கள் அரசு வசமான பிறகு தமிழ்ப் பள்ளிகள் போயின. இப்போது பிராகாரம் சுற்றுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் மேல் வரியைப் படிப்பார்கள்? கீழ் வரியைப் படித்துவிட்டு மேல் வரியைப் பார்த்து "இதுதான் வள்ளி என்கிற எழுத்தா?" என்று என் பேத்தி கேட்டாள். சுழி குறைந்த அந்த எழுத்தில்தான் அவள் தமிழ் படிக்கத் தொடங்கினாள். நேர்த்திக்கடன் செலுத்த வருகிற பர்மியர்களும் அங்கே நின்று படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை இருக்கிறது. குரங்கு முகத்து ராஜா இந்திரனிடம் போய், ஒன்றுபோல இருந்த ஏழு தியாகராஜரில் நிஜமானதைக் கண்டுபிடித்து வாங்கி வந்த கதை. பட்டை பட்டையாக வரைந்து, கீழே தமிழில் என்ன நடக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் சிங்காதனம். அவரே தன் பெயரை அங்கே எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. படத்துக்கு அடியில் எழுத்து போடுவது அலங்காரம் இல்லை. கதை சொல்ல ஆள் இல்லாத நாளுக்கும் சேர்த்து வைக்கிற கட்டுச்சோறு அது.

இந்த நாட்டிலேயே அதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. பர்மாவின் பழைய தலைநகரான பகானுக்கு யாத்திரை போகும்போது பஸ்ஸை மியின்கபா கிராமத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே குபியாவுக்ஜி என்ற கோயில், 1113 வாக்கில் ராஜகுமாரன் என்பவர் கட்டியது. சான்சித்தா அரசனின் மகன். சிம்மாசனம் இவருக்கு வராமல் அரசனின் பேரன் அலௌங்சித்துவுக்குப் போனது. பக்கத்திலேயே பியூ, மோன், பர்மியம், பாலி என்று நான்கு மொழியில் ஒரே சங்கதியைச் சொல்லும் அவருடைய கல்வெட்டு. கோயிலுக்குள் சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் புத்தரின் ஒரு முற்பிறவி, ஒவ்வொன்றுக்கும் கீழே மோன் மொழியில் ஒரு வரி. ஜாதகக் கதைகள் ஐந்நூற்று நாற்பத்தேழு. அத்தனை கதையை உள்ளங்கை அகலச் சதுரங்களில் சொல்ல வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒரு கதைக்கு ஒரே ஒரு கணம்தான் கிடைக்கும். அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் வரைபவனின் மூளை தெரியும். தஞ்சாவூர்க்காரன் கதையை ஓடவிட்டான், பகான்காரன் கதையை ஒரு சிமிட்டலில் பிடித்தான். நம் சயா இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். அவருக்குத் தஞ்சாவூர் தெரியாது. ஆனால் பகானில் தொடங்கிப் பயாப் படிக்கட்டு வரைக்கும் வந்த கைப்பழக்கம் அவரிடம் இருந்தது, நம் கதை என் தாத்தா வாயில் இருந்தது. இரண்டும் சேர்ந்த சுவர் இந்தக் கோயிலில்தான் இருக்கிறது. வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

அதே பகானில் இழந்ததற்கும் சாட்சி உண்டு. வெட்சி இன் கிராமத்துப் பக்கம் இதே பெயரில் இன்னொரு கோயில். 1899இல் ஜெர்மனிக்காரர் ஒருவர் அங்கிருந்து ஓவியங்களை வெட்டி எடுத்துப் போனார். இன்றும் சுவரில் வெட்டிய இடங்கள் காலியாக இருக்கின்றன. ஆனந்தா கோயிலில் வேறு கதை. அங்கே பக்தர்களே புண்ணியத்துக்கு என்று உள்சுவருக்கு வெள்ளையடித்தார்கள், அடியில் இருந்த படங்கள் மறைந்தன. திருடன் ஒரு பக்கம், புண்ணியவான் ஒரு பக்கம். சுவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, விரிசல். 2025 மார்ச் 28ஆம் தேதி பூமி ஆடியதில் நம் சுவரும் வாய் பிளந்தது. மறுநாளே டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். பெரிய விரிசல் சூரன் மாமரமாக நிற்கிற படத்தில் இறங்கியிருக்கிறது. வேல் பிளந்த இடத்திலேயே சுவரும் பிளந்தது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் விரிசல் மரத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஜப்பான் தொப்பிக்காரன் தோள் வழியாகப் போகிறது. சூரசம்ஹாரத்தில் இரண்டு படங்கள், வள்ளி கதையில் ஒன்று, ஆக மூன்று படங்களுக்குத்தான் அடி. மற்ற பதினொன்றுக்குக் கீழ்ப்பக்கம் ஓதம் ஏறி ஓரடி உயரத்துக்கு நிறம் பொரிந்திருக்கிறது. அதற்குப் பூமி அதிர்ச்சி காரணம் இல்லை. இருபது வருஷத்துக்கு முன் பிராகாரத்துக்கு சிமெண்ட் தளம் போட்டதுதான் காரணம். தரையில் வெளியேற வழியில்லாத ஈரம் சுவரில் ஏறுகிறது. அதன்மேல் டைல்ஸ் ஒட்டினால் ஈரம் இன்னும் மேலே, படத்தின் இடுப்புக்கு ஏறும். கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள்.

விரிசலை சிமெண்ட் வைத்து அடைக்கக் கூடாது. பழைய சுவர் சுண்ணாம்புக் காரை. அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் விடாது. ஈரம் சிமெண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் காரைக்குள் போய், அங்கே உப்புப் பூத்து நிறத்தைத் தள்ளும். நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும் போதும், ஆள் பழகியவராக இருக்க வேண்டும். தூசியை உலர்ந்த மெத்துத் தூரிகையால் தட்டினால் போதும். சோப்புத் தண்ணீர், ஈரத் துணி வேண்டவே வேண்டாம், முக்கியமாகப் பண்டிகைக்கு முதல் நாள் வாளியோடு வருகிற தொண்டர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். உதிர்ந்து போன இடத்தில் யாரும் புதிதாக வரைய வேண்டாம், நான் உட்பட. சுண்ணாம்பு நிறத்தில் வெறுமையாக விட்டுவிடலாம். வள்ளியின் ஒரு கால் இல்லாவிட்டாலும் அவள் கிழவனைப் பார்ப்பது நிற்காது.

உபயதாரர்கள் பதினான்கு பேர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார்கள், ஒவ்வொரு வினைலிலும் அவரவர் பெயரும் போட்டோவும் வர வேண்டும் என்பது பேச்சு, இதுதான் நிஜமான சிக்கல் என்று எனக்கும் தெரியும். உபயத்தில் பெயர் வேண்டும் என்று கேட்பது தப்பே இல்லை. மியின்கபா பக்கம் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்றில் தமிழ் இருக்கிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளத்து) மகோதயர் பட்டணத்திலிருந்து வந்த ஒருவர், குலசேகர நம்பி, புக்கத்தில், அதாவது பகானில், இருந்த நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தேன் என்று எழுதி வைத்திருக்கிறார். கடல் தாண்டி வந்து இந்த மண்ணில் உபயம் செய்தவர்களில் பெயர் தெரிந்த ஒருவர் அவர். பெயரைக் கல்லில் வைத்தார், எண்ணூறு வருஷம் ஆகியும் இருக்கிறது. பதினான்கு பேருடைய பெயரையும் வாசல் பக்கம் ஒரு நல்ல கல்லில் வெட்டிவிடலாம். வினைலில் போட்டால் மூன்றாம் வருஷம் அவர்கள் முகமும் முருகனோடு சேர்ந்து நீலம் பாரிக்கும்.

ஆந்தை விஷயம் ஒன்று பாக்கி. ஒவ்வொரு படத்திலும் எங்கோ ஒரு மூலையில், இலைக்கு நடுவிலோ மண்டபத் தூணின்மேலோ, கட்டைவிரல் அளவு ஒரு மஞ்சள் ஆந்தை இருக்கிறது. கோயிலில் ஆந்தை அபசகுனம் என்று அப்போதே சில பெரியவர்கள் கொதித்தார்களாம். பர்மியர் வீட்டில் ஆந்தை பொம்மை அதிர்ஷ்டம், பூஜை மாடத்துக்குப் பக்கத்திலேயே ஜோடியாக வைப்பார்கள். சயா நமக்கு நல்லது நினைத்துத்தான் வரைந்தார் என்று தாத்தா சமாதானம் சொல்லியிருக்கிறார். அதைத் தவிர அவர் கையெழுத்து எதுவும் அந்தச் சுவரில் கிடையாது. பதின்மூன்று ஆந்தைகளை நான் கண்டுபிடித்துவிட்டேன். ஒன்பதாவது படத்தில் இருப்பது மட்டும் இன்னும் சிக்கவில்லை. என் பேத்தி பார்த்துவிட்டேன் என்கிறாள், காட்ட மாட்டேன் என்கிறாள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மழை முடிகிற வரைக்கும் சுவரை யாரும் தொட வேண்டாம். அதற்குள் பதினான்கு படத்தையும் அளவுகோல் வைத்து, பகல் வெளிச்சத்திலும் பக்கவாட்டு விளக்கிலும் போட்டோ எடுத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கிழவர் பெகுவில் இருக்கிறார், பேசி அழைத்து வருகிறேன். பொதுக்கூட்டம் கூட்டி எல்லாரையும் ஒருமுறை சுவருக்கு முன்னால் நிறுத்திக் கேளுங்கள். அப்போதும் சுரண்டத்தான் வேண்டும் என்றால் வேறு கடையில் கொட்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள், கோபப்பட மாட்டேன். திருவிழா நோட்டீஸுக்கு வழக்கம்போல என்னிடமே வாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏணியும் விளக்கும் கொண்டு வருகிறேன். மேற்கு வாசல் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வினைல் கடைக்காரன்